ரெஜினா அக்கா பார்க்காத பதிப்பு

ரெஜினா அக்கா இறந்துபோன செய்தி அவருடைய எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. காலையில் கைபேசி அடித்தபோது திரையில் அவர் பெயரைப் பார்த்து, எடுத்தவுடன், "சொல்லுங்கக்கா, அந்தச் சோதனை மறுபடியும் சொதப்பிட்டா?" என்று கேட்டேன்.  மறுமுனையில் அவருடைய கணவர் லூர்து அண்ணாச்சியின் குரல். "மீரான் தம்பி, நான் லூர்து பேசுதேன். அவ போயிட்டா." எங்கே போனார் என்று நான் கேட்டேன். முதல்நாள்தான் அவரோடு பேசியிருந்தேன். ஏதோ ஊருக்குக் கிளம்பியிருக்கிறார், கைபேசியை வீட்டில் மறந்துவிட்டார் என்றுதான் என் புத்தி எடுத்துக்கொண்டது. "எங்கயும் போகல தம்பி. வீட்டுலதான் இருக்கா. கண்ணாடிப் பெட்டியில இருக்கா" என்றார் அண்ணாச்சி.

காயல்பட்டணத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பேருந்தில், ஆத்தூரிலும் முக்காணியிலும் பழையகாயலிலும் ஏறி இறங்கியவர்கள் எல்லோரும் வழக்கம்போல விலைவாசியும் வெயிலும் பேசிக்கொண்டு வந்தார்கள். அது எனக்கு ஆத்திரமாக இருந்தது. முதல்நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே படுத்தவர் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு என்று அங்கே போனபின் தெரிந்துகொண்டேன். அறுபது வயதுகூட ஆகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள். மீதிப்பேர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்குப் பெட்டகங்களை அடுக்கிவைக்கும் தளத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள். அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவன் அங்கே நான் ஒருவன்தான். என் கையிலும் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தார்கள், போட்டேன். கோயிலிலும் தளத்திலும் அவரை அறிந்தவர்கள் இந்த இன்னொரு வாழ்க்கையையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அண்ணாச்சி ஆசைப்படுகிறார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உலகம் முழுவதும் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு கணினி இயங்குதளத்தை நடத்திவருகிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் வைத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதில் உள்ள ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. ரெஜினா அக்கா பார்த்துவந்தது ஒரு பழைய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. கணினிக் கோப்புகளில் யார் எதை மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் நினைவில் வைத்திருப்பது அந்தக் கருவியின் வேலை. அதை எழுதுகிறவர்கள் எங்கோ இருந்தார்கள். அவர்கள் புதிதாக வெளியிடும்போதெல்லாம் அதை வாங்கி, இயங்குதளத்துக்குப் பொருந்தும்படி தைத்து, சோதித்து, தன்னுடைய மின் கையெழுத்தைப் போட்டு ஏற்றிவிடுவது அக்காவின் பொறுப்பு. அந்தக் கையெழுத்து இருந்தால்தான் அது மற்றவர்களின் கணினிகளுக்குப் போய்ச் சேரும். சம்பளம் கிடையாது. தளத்துப் பெட்டகக் கணக்கு மென்பொருளின் வரலாறு முழுவதும் அந்தக் கருவிக்குள் கிடந்தது. அதைக் கவனிக்க ஆளில்லை என்று தெரிந்தபோது, தானே முன்வந்து ஏற்றுக்கொண்டார்.

எங்கள் பழக்கம் சண்டையில் தொடங்கியது. நான் அப்போது வளைகுடாவில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோப்புக்கு என் ஊர்ப் பெயரைத் தமிழிலேயே வைத்து அந்தக் கருவியிடம் கொடுத்தேன். அது பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. பராமரிப்பாளருக்குக் காட்டமாக ஆங்கிலத்தில் எழுதினேன். ஆர். மச்சாது என்ற பெயரைப் பார்த்து, யாரோ வெள்ளைத்தாடி வைத்த ஐரோப்பியக் கிழவர் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். அவரும் என்னை 'ஐயா' என்று எழுதினார், நானும் அவரை 'ஐயா' என்று எழுதினேன். பல வாரம் இப்படியே மரியாதையாகச் சண்டை போட்டோம். ஒருநாள் அவருடைய ஆங்கிலப் பதிலின் அடியில் தமிழில் ஒரு வரி இருந்தது. "கோப்புக்குக் காயல்பட்டணம்னு பேரு வெச்சிருக்கியளே, அங்கன நீங்க எந்தத் தெரு?" அறையில் உடன் இருந்தவர்களை எழுப்பி அதைக் காட்டினேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றிலிருந்து கடைசிவரை அவருக்கு நான் காயல்காரர்தான். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

நான் ஊர் திரும்பி, அதே நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியபின் இருவரும் சேர்ந்து அந்தப் பொதியைக் கவனித்தோம். நான் தயார் செய்வேன், அவர் கையெழுத்துப் போட்டு ஏற்றுவார். ஏற்றும் உரிமை அவருக்குத்தான் இருந்தது. அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. ஏற்றுவதற்கு முன்னால் மாறிய வரிகளை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் எனக்கு வாசிப்பார். நான் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் அடுத்த வரிக்குப் போவார். லூர்து அண்ணாச்சி துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் சுக்கான் பிடித்தவர். பெரிய கப்பலில் இருந்து வயர்லெஸில் வரும் உத்தரவை, கேட்டவர் அதே வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சுக்கானைத் தொட வேண்டுமாம். அதைக் கேட்டு அக்கா பிடித்துக்கொண்டது இது. நான் தொண்டை காய்ந்து, "அக்கா, இது வெறும் காற்புள்ளிக்கா" என்று சலித்துக்கொண்டால், "காற்புள்ளின்னா திருப்பிச் சொல்லுதது இன்னும் சுலபம்லா" என்பார். வாசித்து முடிந்ததும், "காயல்காரரே, போனக் கவுத்தி வைக்குதேன்" என்று சொல்லிவிட்டுக் கடவுச்சொல்லைத் தட்டுவார். விரல் தட்டும்போது உதடும் அதை முணுமுணுத்துவிடும், அதை அவரால் அடக்க முடியாது. அதனால்தான் கைபேசியைக் கவிழ்த்து வைப்பது.

அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்த வாரத்தில் ஓர் அவசரத் திருத்தம் வந்தது. கட்டோடு படுத்திருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து, கடவுச்சொல்லை மட்டும் சொல்லுங்கள், நானே வீட்டுக்கு வந்து ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். "கையெழுத்துன்னா என்ன நெனச்சிய? இத நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன்னு அர்த்தம். பாக்காததுக்கு எப்படிப் போடுவேன்?" கண்ணிலேயே கட்டு இருக்கிறதே அக்கா என்றேன். "ஒரு கண்ணுலதான் கட்டு. இன்னொண்ணு என்னத்துக்கு இருக்கு?" மறுநாள் மருத்துவரின் திட்டையும் அண்ணாச்சியின் திட்டையும் வாங்கிக்கொண்டு, ஒற்றைக் கண்ணைத் திரைக்கு ஒட்ட வைத்து எல்லா வரிகளையும் வாசித்தார். நானும் வழக்கம்போலத் திருப்பிச் சொன்னேன்.

அவரும் பிசகியிருக்கிறார். மாதா கோயில் திருவிழாவில் தேருக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு பதிப்பை ஏற்றும்போது எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டார். இருக்க வேண்டியதைவிடப் பெரிய எண். அந்த இயங்குதளத்தில் பதிப்பு எண் ஏறலாமே தவிர இறங்கக் கூடாது. இறக்கியே ஆக வேண்டுமென்றால் எண்ணுக்கு முன்னால் ஒன்று என்று போட்டு ஒரு முக்காற்புள்ளி வைக்க வேண்டும். போட்டுவிட்டால் அதன்பின் வரும் எல்லாப் பதிப்புக்கும் அந்த ஒன்று நிரந்தரம். தெரிந்தவர்கள் பார்த்தவுடனே இங்கே ஒருவர் தடுக்கி விழுந்திருக்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். எனக்கு அது மானக்கேடாக இருந்தது. ஏதாவது குறுக்குவழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அக்கா சிரித்தார். "சின்னதுல விழுந்து முட்டில தழும்பு இருக்கு. அதுக்காவ கால மறைச்சா நடக்கேன்? கெடந்துட்டுப் போவுது." இன்றைக்கும் அந்த ஒன்று அங்கேயேதான் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது அவர் இறந்தபிறகு நடந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அவரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. "காயல்காரரே, இன்னைக்கு ஒண்ணுமில்ல. போயி ஒங்க வேலையப் பாருங்க." அது என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கருவியின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தினமும் பார்த்து எங்கள் இருவருக்கும் செய்தி அனுப்ப, அவர் வீட்டுக் கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தார். அந்த வரியைக் கேலிக்காக அவரே எழுதியிருந்தார். வருடக்கணக்காகத் தினமும் வந்துகொண்டிருந்தது, நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அன்று திறந்தேன். அனுப்பியவர் ரெஜினா மச்சாது என்று இருந்தது.  மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. காலையில் கண் விழித்ததும் அந்த அஞ்சல் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். வராவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம், வருகிறதே என்ற பயம் ஒரு பக்கம். என் மனைவி, "மௌத்தானவங்க பேர்ல கடுதாசி வந்தா அத நிறுத்தச் சொல்லவேண்டியதுதானே" என்றாள். நிறுத்தச் சொல்லி யாரிடம் கேட்பது? அண்ணாச்சியிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. எனக்கும் அது நிற்க வேண்டும் என்று இல்லை, அதுதான் உண்மை.

பிறகு ஒருநாள் அஞ்சலில் வரி மாறியிருந்தது. "காயல்காரரே, புதுசு வந்திருக்கு. நான் பாக்குதேன். நீங்க சும்மா இருங்க."

அதைப் படித்தவுடன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். சற்று நேரம் கழித்து வந்துதான் மேற்கொண்டு பார்த்தேன். கருவியை எழுதுகிறவர்கள் ஒரு பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்து அவசரமாகப் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தார்கள். கெட்ட எண்ணத்தோடு தயாரித்த கோப்புத் தொகுதி ஒன்றை யாராவது இந்தக் கருவியால் இறக்கினால், அது அவர்கள் கணினியில் தொடக் கூடாத இடத்தில் எல்லாம் எழுதிவிடும். குறை ஊரறிய வெளியாகிவிட்டது. திருத்தம் போய்ச் சேராத கணினிகள் எல்லாம் கதவைத் திறந்துபோட்ட வீடுகள். நான் உட்கார்ந்து புதிய பொதியைத் தயார் செய்தேன். சோதனைகள் எல்லாம் தேறின. அதற்குமேல் கையெழுத்து வேண்டும். அவர் இறந்ததை அந்த இயங்குதளத் திட்டத்தின் வெளிநாட்டு நண்பர்கள் யாருக்கும் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய அஞ்சலைப் பலமுறை தொடங்கி, முதல் வரியோடு மூடி வைத்திருந்தேன்.

மறுநாள் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அறைக்குள் அவருடைய கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளேயிருந்த விசிறி உறுமிக்கொண்டிருந்தது. திரையில் அவர் பாதி தட்டிவிட்டு விட்டுப்போன ஒரு கட்டளை. சாப்பிட்டுவிட்டு வந்து முடிக்கலாம் என்று எழுந்திருக்கிறார். அதன் முனையில் சின்னக் கட்டம் ஒன்று அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி விசைப்பலகைமேல் கிடந்தது. "நான் எதையும் தொடல தம்பி" என்றார் அண்ணாச்சி. "நிறுத்திப்போட்டா வீட்டுல சத்தமே இல்லாமப் போயிரும். இந்தச் சத்தம் கேட்டா அவ உள்ளதான் இருக்கா மாதிரி இருக்கு. தண்ணி வேணுமான்னு ரெண்டொரு தரம் கேட்டுட்டேன்." கண்ணாடியை நான் மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தேன். அந்தப் பாதிக் கட்டளையை அழிக்க மனமில்லாமல், வேறொரு சாளரத்தைத் திறந்தேன்.

எதற்காக வந்தேன் என்பதை அவருக்கு விளக்கினேன். குறையைப் பற்றிச் சொன்னேன், கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன், அக்கா இறந்த செய்தியைத் திட்டத்துக்குத் தெரிவித்தால் கையெழுத்துக்கான அவருடைய மின் சாவியைக் கழற்றிவிடுவார்கள், அதன்பின் அந்தக் கையெழுத்து செல்லாது என்பதையும் சொன்னேன். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"போனத்தான கவுத்தி வெச்சா, நான் பக்கத்து அறையிலதான கெடப்பேன். இத்தன வருசமா முணுமுணுத்தா தெரியாமலா போவும்? சொல்லுதேன், தட்டுங்க."

"அண்ணாச்சி, அது..."

"அவுங்களுக்கு அவ செத்தது தெரியாதுல்லா? தெரியாமலே இருக்கட்டுமே. நீங்க செய்ங்க, நான் சொல்லுதேன். அவ பேருல போய்க்கிட்டே இருக்கட்டும். இங்கனதான் இல்லாமப் போயிட்டா. அங்கனயாவது இருக்கட்டும்."

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கும் அதுவேதான் வேண்டியிருந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை. நல்ல திருத்தம், நானே சோதித்தது. அடுத்த மாதம் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ரெஜினா மச்சாது வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். காலையில் அவருடைய அஞ்சல் வரும், மாலையில் அவருடைய கையெழுத்து போகும். அவர் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து விட்ட வேலையைத் தொடர்ந்த மாதிரியே இருக்கும். நான் என் பொதியை அந்தக் கணினிக்கு மாற்றினேன். கையெழுத்திடும் கட்டளையைத் தட்டினேன். கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு பெட்டி திறந்தது. மேலே அவருடைய முழுப் பெயர் இருந்தது, கீழே வெற்று இடம்.

அண்ணாச்சி எனக்குப் பின்னால் வந்து நின்று வாயைத் திறந்தார். முதல் வார்த்தை என் காதில் விழுந்துவிட்டது. அது தமிழ் வார்த்தை. அதை அவர் சொன்ன தொனி அவருடையதாக இல்லை. இழுத்து இழுத்து, விசைக்கு விசை நிறுத்தி, கவிழ்த்த கைபேசியில் வார்த்தை புரியாமல் எனக்குக் கேட்கும் அக்காவின் முணுமுணுப்புத் தொனியிலேயே சொன்னார்.  திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அண்ணாச்சி, வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"இத அக்கா பாக்கலியே."

 திரும்பாமலே நான் மேலும் சொன்னேன்: "பாத்தாத்தான் போடுவேன்னு சொல்லுவாங்கல்லா? இது வந்ததே அவுங்களுக்குத் தெரியாது. அவுங்க பாக்காததுக்கு அவுங்க கையெழுத்த நாம எப்படிப் போடுதது?"

"அப்ப நீங்க வந்தது அவள ரெண்டாந்தரம் சாவடிக்கவா?" என்று கேட்டார் அண்ணாச்சி. சத்தம் போட்டுக் கேட்கவில்லை.  அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி தானாகவே காத்திருந்து காத்திருந்து மூடிக்கொண்டது. நெடுநேரம் கழித்து, "பாக்கல" என்று சொன்னார். எனக்குச் சொன்னது போலவும் இல்லை, தனக்குச் சொன்னது போலவும் இல்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க தம்பி. என்ன சொல்லணுமோ நான் சொல்லுதேன்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, அவர் பெயரிலேயே, திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் நான் எழுதினேன். நீளமாக ஒன்றும் இல்லை. என் மனைவி இறந்துவிட்டார், தூக்கத்தில் இறந்தார், வேதனைப்படவில்லை, உங்கள் வேலை அவருக்குப் பிடித்திருந்தது. கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, முதலில் சொன்னதே போதும் என்றார். கூடவே தயாரித்த பொதியையும், குறையின் விவரத்தையும் என் பெயரில் அனுப்பினேன்.

அன்று மாலைக்குள் பதில் வந்துவிட்டது. வடக்கே பனி பெய்யும் ஒரு நாட்டில் இருக்கும் பெண் ஒருவர் எழுதியிருந்தார். அக்காவோடு பல ஆண்டுகளாகக் கடிதத்தில் பேசியவர். அவர் முகத்தைப் பார்த்ததே இல்லையாம். திருத்தத்தை வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டேன், என் கையெழுத்தில் ஏற்றிவிட்டேன் என்று எழுதி, அண்ணாச்சிக்குத் தனியாகப் பெரிய கடிதம் ஒன்றும் அனுப்பியிருந்தார். சில நாளில் திட்டத்தின் சாவிக்கொத்திலிருந்து அக்காவின் சாவியைக் கழற்றினார்கள். வழக்கமான இரண்டு வரி அறிவிப்போடு சேர்த்துத்தான் கழற்றினார்கள். ஆனால் அவர் வீட்டுக் கணினிக்கு இதெல்லாம் தெரியாது. திருத்தம் ஏறிவிட்டதைப் பார்த்த மறுநாள் காலையில் அது எனக்கு எழுதியது: "காயல்காரரே, இன்னைக்கு ஒண்ணுமில்ல. போயி ஒங்க வேலையப் பாருங்க." இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு வரியை அனுப்பும் நிரல் அது. அப்படித் தெரிந்திருந்தும் அன்றைக்கு அதைப் படித்து அழுதேன்.

பராமரிப்பாளர் இல்லாத பொதியை 'அநாதை' என்று பட்டியலில் போடுவது அந்தத் திட்டத்தின் வழக்கம். அவர்கள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்கான பெயர்தான். அண்ணாச்சியிடம் பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டேன். அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "பிள்ள இல்லாதவ அவ. அவ பாத்துக்கிட்டத அநாதன்னா போடுதாங்க?" என்றார். போட மாட்டார்கள் அண்ணாச்சி, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சொன்னபிறகுதான் எனக்கே அது தெரிந்தது. ஏற்றும் உரிமை எனக்குக் கிடைக்கும்வரை தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக அந்த வடக்கு நாட்டுப் பெண்ணும் ஒப்புக்கொண்டார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்தபிறகு, சாப்பாட்டு மேசையின்மேல் என் மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணாச்சி கூட இருக்கும்போதுதான் செய்ய வேண்டும் என்று வைத்திருந்தேன். பொதிக்குள் பராமரிப்பாளர் பெயரைச் சொல்லும் வரி ஒன்றே ஒன்று உண்டு. அதில் ரெஜினா மச்சாது என்று இருந்ததை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு என் பெயரைத் தட்டினேன். கருவி வழக்கம்போல மாற்றத்தைக் காட்டியது. மேலே கழித்தல் குறியோடு அவர் பெயர். அதற்கு நேர் கீழே கூட்டல் குறியோடு என் பெயர்.

"கழித்தல் போட்டிருக்கே, அப்ப அவ பேரு போயிருமா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"புதுப் பதிப்புல இருக்காது. ஆனா எடுத்தது கருவிக்குள்ள இருக்கும் அண்ணாச்சி. யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தான்னு யாரு எப்ப கேட்டாலும் இத இப்படியே காட்டும்."

"எதுக்குன்னு போட்டாச்சா?"

போடவில்லை. காரணத்தை எழுதாமல் அந்தக் கருவி எந்த மாற்றத்தையும் ஏற்றுக்கொள்ளாது. ஒரு மாதமாக நான் 'அவர் இல்லை', 'தவறிவிட்டார்' என்றெல்லாம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்காக எழுதிய கடிதம்கூட அவர் சொல்லித்தான் எழுதினேன். இங்கே நானாக எழுத வேண்டும். "ரெஜினா மச்சாது இறந்துவிட்டார்" என்று தட்டினேன். வேறு ஒன்றும் சேர்க்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி குனிந்து, கழித்தல் குறி போட்ட பெயர்மேல் விரலை வைத்தார். அவர் விரலை எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.

அவருடைய படம் என்னிடம் ஒன்றும் இல்லை. குரல் பதிவும் இல்லை. நான் வைத்திருப்பது அந்த ஒரு மாற்றம்தான்: அவர் பெயர், அதன் அடியில் என் பெயர், அது ஏன் அப்படி என்பதற்கு நான் எழுதிய காரணம். புதிதாக ஏதாவது செய்ய உட்காரும்போதெல்லாம் முதலில் அதைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.